காலாவதியான டொமைனும் கொஞ்சம் வரலாறும்

1995 செப்டம்பருக்கு முன்னால், பணம் கட்டாததால் காலாவதியான டாட் காம் பெயர் என்று ஒன்று கிடையாது. காரணம் எளிது, கட்டவேண்டிய பணமே கிடையாது. 1985 மார்ச் 15-ம் தேதி சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினிக் கம்பெனி முதல் டாட் காமைப் பதிந்தபோதும் சரி, அடுத்த பத்து வருஷமும் சரி, கேட்டவருக்குப் பெயர் இலவசம். 1995-ல்தான் பதிவை நடத்திவந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் 2 வருஷத்துக்கு 100 டாலர் என்று வாங்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து பெயர் குத்தகைக் கணக்கில் வந்துவிட்டது. 'டொமைன் வாங்கிட்டேன்' என்று நாம் சொல்வதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். தேதி மறந்தால் அடுத்தவர் குத்தகைக்கு எடுத்துக்கொள்வார்.

புதிதாகத் தளம் ஆரம்பிக்கிறவர்கள் இப்படி விட்டுப்போன பழைய பெயரை எடுக்கலாமா என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள் (பொட்டி தட்டுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட சகலமும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!). ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்தே வருகிறேன்.

மறதிக்கு என்ன விலை என்று ஊருக்குத் தெரிந்தது 1999 டிசம்பரில். ஹாட்மெயிலுக்குள் நுழைய பாஸ்போர்ட் டாட் காம் வழியாகத்தான் போகவேண்டும். அந்தப் பெயருக்கான 35 டாலரைக் கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பலருக்கு மெயில் திறக்கவில்லை. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிவிட்டார். ஹாட்மெயில் உயிர்பெற்றது. மைக்ரோசாஃப்ட் நன்றி சொல்லி 500 டாலர் காசோலை அனுப்ப, மனிதர் அந்தக் காசோலையை ஈபேயில் ஏலம் விட்டார் :-) இதற்கப்புறமாவது பாடம் படித்தார்களா என்றால், 2003-ல் ஹாட்மெயில் டாட் கோ டாட் யூகே பெயரையும் கோட்டை விட்டார்கள்.

சேனி நல்ல மனிதர். எல்லோரும் அப்படி இருப்பார்களா? 1999-ல் பெயர் பதியும் தொழில் பல கம்பெனிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. விலை இறங்கியது, பெயர்கள் பெருகின, அதோடு விட்டுப்போகும் பெயர்களும் பெருகின. அவற்றைப் பிடிக்க என்றே 2000-ல் ஸ்னாப்நேம்ஸ் போன்ற கம்பெனிகள் முளைத்தன. பெயர் விழப்போகும் நேரத்தில் இவர்களுடைய நிரல்கள் 'விழுந்துவிட்டதா, விழுந்துவிட்டதா' என்று பதிவகத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். டாட் காமை நடத்தும் வெரிசைன் இதைப் பார்த்துவிட்டு, நாமே ஒரு காத்திருப்போர் பட்டியல் போட்டு அதற்கும் காசு வாங்கினால் என்ன என்று யோசித்தது. நம்ம ரயில் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரிதான், ஆனால் ஒரு பெயருக்கு ஒரே ஒருவர். பதிவாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், வருஷக்கணக்கில் சண்டை நடந்தது, கடைசிவரை அந்த ரயில் கிளம்பவே இல்லை.

இந்தக் களேபரத்தில் உருப்படியாக நடந்த ஒரு காரியம், 2003-ல் வந்த 30 நாள் மீட்புக் காலம். டாட் காமின் கணக்கு இப்படிப் போகும்: தேதி முடிந்ததும் பதிவாளர் 45 நாள் வரை பெயரை வைத்திருக்கலாம். நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்போது பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன்பின் 5 நாள் யாரும் தொடமுடியாது. பிறகு, முந்தியவருக்கு. ஆனால் நல்ல பெயர்கள் பலவும் இன்றைக்கு அந்தக் கடைசி நாள்வரை வருவதே இல்லை. பதிவாளர்களே நடுவழியில் ஏலம் போட்டுவிடுகிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

ஆரம்பத்தில் சின்னதாக, வாயில் நிற்கிற பெயருக்குத்தான் மவுசு. அதை மாற்றியது கூகுள். ஒரு பக்கத்துக்கு எத்தனை நல்ல இடங்களிலிருந்து சுட்டி வருகிறது என்பதை வைத்து மதிப்புப் போடும் பேஜ்ரேங்க் முறையோடு அது வந்தது. 2000-ல் வந்த அவர்களுடைய டூல்பார் அந்த மதிப்பை ஒரு பச்சைப் பட்டையாக எல்லோருக்கும் காட்டியது. உடனே வியாபாரிகளுக்குப் பொறி தட்டியது. பெயரை விட்டுவிட்டு ஆள் போனாலும், அந்தப் பெயரைப் பார்த்திருக்கும் சுட்டிகள் போவதில்லையே! பத்து வருஷம் ஒருவர் உழைத்துச் சேர்த்த நம்பிக்கை, பத்து டாலருக்குக் கிடைக்கிறது. பச்சைப் பட்டை 2016-ல் ஒழிந்தது. ஆசை ஒழியவில்லை.

இங்கே புனேயில் என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்கார நண்பர் ஒருவர். அவருடைய தங்கை ஊரில் சிறுதானியத் தின்பண்டம் செய்து விற்கிறார், அதற்கு ஒரு தளம் வேண்டும். "பழைய பேராப் பாத்து எடுத்துட்டா கூகுள்ல சீக்கிரம் மேல வந்துரும்னு சொல்றாங்க பாஸ்" என்று ஒரு ஏலப் பட்டியலோடு வந்தார். அதில் அவருக்குப் பிடித்த பெயர், தானியத்தையும் தர்மத்தையும் சேர்த்த அழகான பெயர். வேபேக் மெஷினில் பழைய பக்கத்தைத் திறந்தோம். முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் ஒரு சின்ன அறக்கட்டளை. பத்திரிகைகளிலிருந்து சுட்டிகள், 'நன்கொடை அளிக்க' என்று ஒரு பொத்தான். ஏல விலை ஏறியதற்குக் காரணமே அந்தச் சுட்டிகள்தான்.

"அவங்களா விட்டுட்டுப் போனதுதானே பாஸ்? நாம என்ன திருடவா போறோம்?" என்றார். சட்டப்படி அவர் சொல்வது சரி. ஆனால் நன்கொடை கொடுக்க வருகிறவர் முறுக்கு விற்கும் கடையில் வந்து நிற்பார். அதைவிட, ஏலத்தில் இருக்கும் பெயர் இன்னும் முழுதாகச் சாகவில்லை என்பது அவருக்குத் தெரியாது. பழைய பக்கத்தில் இருந்த எண்ணுக்கு நண்பரே போன் போட்டார். எடுத்தது ஒரு பெரியம்மா. சாப்பாடு போடுவது நிற்கவே இல்லை. தளத்தைச் செய்துகொடுத்த தன்னார்வலர் வெளிநாடு போய்விட்டார், பெயர் அவர் கணக்கில் இருந்தது, நினைவூட்டும் மெயில்கள் எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. ரசீதுப் புத்தகத்தில் இன்னும் அந்த முகவரிதான் அச்சாகி இருக்கிறது. கெடுவுக்குள் தன்னார்வலரைப் பிடித்துப் புதுப்பித்துவிட்டார்கள். ஏலம் ரத்து. தங்கை தன் ஊர்ப்பெயரைச் சேர்த்து, யாரும் இதற்குமுன் பதியாத ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. தி ஹேர்பின் என்று பெண்கள் எழுதிய ஓர் அமெரிக்கத் தளம் 2010-ல் தொடங்கி 2018-ல் நின்றது. பெயர் காலாவதியானதும் செர்பியாக்காரர் ஒருவர் எடுத்து, செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளால் நிரப்பினார். புகழ்பெற்ற பழைய கட்டுரைகள் சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார், எழுதிய பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஆண் பெயர்களைப் போட்டு! 2024 ஜனவரியில் வயர்ட் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கூகுள், காலாவதியான பெயரைத் தேடல் தரவரிசைக்காகத் தவறாகப் பயன்படுத்துவதைத் தன் ஸ்பாம் விதிகளில் தனிக் குற்றமாகவே சேர்த்தது. பழைய ஆரம்பப் பள்ளியின் பெயரில் சூதாட்ட விஷயம் போடுவதை அவர்களே உதாரணம் காட்டுகிறார்கள். ஆக, நண்பர் நம்பிவந்த அந்த ஆதாயமும் இப்போது ஆபத்தானதுதான்.

நகைச்சுவையாகச் செய்தவர்களும் உண்டு. 2011-ல் வன்முறை வீடியோ கேம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி அலிட்டோ தன் கருத்துரையின் அடிக்குறிப்பில் ஒரு வலை முகவரி கொடுத்தார். அந்தப் பெயர் காலாவதியானது. யாரோ அதை எடுத்து, இந்தப் பக்கத்தை நீங்கள் மேற்கோள் காட்டவில்லையே என்று சந்தோஷப்படுங்கள், அலிட்டோ காட்டினார் என்கிற பொருளில் எழுதிவைத்தார். தீர்ப்பில் அச்சான முகவரியை இனி யார் அழிப்பது?

வேபேக் மெஷினைச் சொன்னேன். அதிலும் ஒரு வினோதம் இருந்தது. ரோபாட்ஸ் கோப்பில் 'உள்ளே வராதே' என்று தள உரிமையாளர் எழுதிவைத்தால், ஆவணக் காப்பகம் பழைய பிரதிகளையும் சேர்த்து மறைத்துவிடும். புதிதாகப் பெயரை எடுத்தவர் அந்த ஒரு வரியைப் போட்டால் போதும், முன்னால் இருந்தவரின் பத்து வருஷ எழுத்தும் கண்ணிலிருந்து மறைந்துவிடும், அவருக்குத் தெரியாமலே. இந்த முறை சரிவரவில்லை என்று காப்பகமே 2017-ல் எழுதியது.

இத்தனைக்கும் பிறகு பழைய பெயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு: நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல இதற்கும் பார்க்கவேண்டும். சார்பதிவாளர் ஆபீஸ் இல்லை, நாமேதான் பார்க்கவேண்டும். வேபேக்கில் ஒவ்வொரு வருஷமாகத் திறந்து பாருங்கள், நடுவில் ஒரு வருஷம் மட்டும் மருந்து விளம்பரமாக இருந்திருக்கலாம். '1999-ம் வருஷத்துப் பெயர்' என்று விற்பவர் சொன்னால் பதிவுத் தேதியைப் பாருங்கள், ஒருமுறை விழுந்து எழுந்த பெயருக்குத் தேதி புதிதாகிவிடும். ஸ்பாம் கறுப்புப் பட்டியலில் இருந்தால் நீங்கள் அனுப்பும் மெயில் யாருக்கும் போய்ச்சேராது. வேறொருவரின் வர்த்தக முத்திரை என்றால், கட்டின காசும் போய் பெயரும் போகும்.

மெயில்தான் இருப்பதிலேயே பெரிய வில்லங்கம். பெயரை எடுத்த அன்றிலிருந்து, பழைய ஆளுக்கு வரும் கடிதங்களை நீங்கள் வாங்க முடியும். வங்கி அறிக்கை, மருத்துவ ரிப்போர்ட், 'கடவுச்சொல்லை மாற்ற இங்கே சொடுக்கவும்' எல்லாம். 2022 மே மாதம் சிடிஎக்ஸ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பை ஒருவர் இப்படித்தான் கைப்பற்றினார். பராமரித்தவரின் மெயில் முகவரி இருந்த டொமைன் காலாவதியாகியிருந்தது, அதை எடுத்து, கடவுச்சொல்லை மாற்றி, தகவல் திருடும் பதிப்பை ஏற்றிவிட்டார். எனவே பழைய பெயரை எடுப்பவர்கள், வருகிற எல்லா மெயிலையும் ஒரே பெட்டியில் சேர்க்கும் வசதியை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். உங்களுக்கென்று உருவாக்கிய முகவரிகளைத் தவிர மற்றவை அனுப்பியவருக்கே திரும்பிப் போகட்டும், அப்போதுதான் அந்த வீட்டில் ஆள் மாறிவிட்டது என்று அவருக்குத் தெரியும்.