கத்திக்கு முன் ஒரு மாதம்

"ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கே டாக்டர், அதுவரைக்கும் என்ன சாப்பிடலாம்?" புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில் தேடியவர்களின் கதையைப் படித்தபோது, நான் எதிர்பார்த்த இடத்தில் அது முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

1904-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹியூ ஹாம்ப்டன் யங் புற்று வந்த புராஸ்டேட் சுரப்பியை முழுதாக வெட்டியெடுத்தார். நோயாளியின் எடைக்கும் அறுவைக்கும் உள்ள உறவு எண்களாக வெளிவந்தது 1936-ல். அதுவும் வேறு நோயில். கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஹிராம் ஸ்டட்லி, இரைப்பைப் புண்ணுக்காக அறுவை செய்துகொண்டவர்களைக் கணக்கெடுத்தார். அறுவைக்கு முன்பே எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர்களில் இறந்தது நூற்றுக்கு 3.5 பேர்தான்.

அன்றைய பயம் மெலிவு. இன்றைய பயம் தொப்பை! பருமனானவர்களுக்கு அறுவையும் கடினம், பின்னால் புற்று திரும்பி வரும் வாய்ப்பும் கூடுதல். உடலில் கொழுப்பு ஏறினால் இன்சுலினும் ஏறுகிறது. செல்களை வளரச் சொல்லும் ஹார்மோன்களில் அதுவும் ஒன்று. அப்படியானால் இளைத்தால் கட்டியும் அடங்குமா?

இதைச் சோதிக்க புராஸ்டேட் நல்ல இடம். முதலில் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கிறார்கள் (பயாப்சி). பெரும்பாலும் மெதுவாக வளரும் புற்று என்பதால் சில வாரம் காத்திருக்கலாம். பிறகு சுரப்பியே வெளியே வந்துவிடும். முன்னே ஒரு திசு, பின்னே ஒரு திசு, நடுவில் சாப்பாடு.

2001-ல் சிகாகோவில் 32 பேருக்கு மூன்று வாரம் தக்காளி சாஸ் ஊற்றிய பாஸ்தா கொடுத்தார்கள். (கொடுத்துவைத்தவர்கள்!) பி.எஸ்.ஏ. அளவு இறங்கியது, மரபணுச் சேதமும் குறைந்தது. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. 2008-ல் வெளியான வெண்டி டெமார்க்-வானெஃப்ரிட் குழுவின் ஆய்வு அந்தக் குறையைச் சரிசெய்தது. 161 பேரை நான்கு குழுவாகப் பிரித்து, சிலருக்கு மட்டும் தினம் 30 கிராம் ஆளி விதை கொடுத்தார்கள். அது சாப்பிட்டவர்களின் கட்டியில் செல்கள் பெருகும் வேகம் குறைவாக இருந்தது.

அதே குழு அடுத்து எடைக் குறைப்பையே நேராகச் சோதித்தது. முடிவு 2017-ல் வந்தது. அதிக எடையுள்ள 40 பேர். ஒரு பாதிக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும். அவர்கள் சராசரியாக 4.7 கிலோ இளைத்தார்கள், மற்றவர்கள் 2.2 கிலோ. கட்டியைப் பார்த்தால், இளைத்தவர்களிடம்தான் செல் பெருக்கம் கூடுதல்! ஆய்வாளர்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

நாற்பது பேரை வைத்து இளைப்பது கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது புண் ஆறுவதற்கு நல்லது என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் அறுவையைத் தாங்க உடம்பைத் தயார்செய்வது வேறு, சாப்பாட்டால் புற்றை அடக்குவது வேறு. ஸ்டட்லி கணக்கெடுத்தது முதலாவதை மட்டும்தான். தக்காளி பாஸ்தா கதையை நான் பல தளங்களில் பார்த்துவிட்டேன். 2017 ஆய்வைப் பற்றி தமிழில் ஒரு வரிகூட இன்னும் என் கண்ணில் படவில்லை.