குளமும் துருசும்: வவுனியாவின் காந்தியம் இயக்கத்தை முன்வைத்து ஒரு விசாரணை

மெய்யியல் சமூக விடுதலைக்கு உதவும் என்பதை மறுப்போர் குறைவு. எந்த வழியால் உதவுகிறது என்பதே விடை தேடும் வினா. ஒரு கருத்து அன்றாட வேலைகளாகப் பிரிக்கப்படும்போதுதான் செயலாகிறது. அவ்வேலையின் பயன் மக்களின் உரிமையாகப் பதிவாகும்போதுதான் அச்செயல் விடுதலையாகிறது. இவ்விரு படிகளையும் வேறுபடுத்திக் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வவுனியா நகரின் மேற்கே மன்னார் வீதிப் பக்கமுள்ள நெளுக்குளத்தின் பெயரிலேயே குளம் இருக்கிறது. குளம் நிறைந்திருந்தாலும் துருசு திறந்து வாய்க்கால் ஓடாவிட்டால் வயல் காயும் என்பது வன்னியின் எந்தக் கமக்காரருக்கும் தெரியும். சிந்தனைக்கும் இத்தகைய துருசு வேண்டும்.

காந்தி 1941இல் வெளியிட்ட நிர்மாணத் திட்டம் அதற்கொரு முயற்சி. சுயராச்சியம் என்ற பெருங்கருத்தைச் சுகாதாரம், ஆதாரக் கல்வி, கிராமக் கைத்தொழில் எனக் கைக்கு எட்டும் வேலைகளாக அது பிரித்தது. 1970களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் வவுனியாவை மையமாகக் கொண்டு நடத்திய காந்தியம் அமைப்பு அதே வழியில் சென்றது. 1977இல் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயலில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தோரைக் காணிகளில் குடியமர்த்தியது. இளம் பெண்களைப் பயிற்றிப் பாலர் பாடசாலைகளை நடத்தியது. அகிம்சை அங்கே வெட்டிய காடாகவும் குழந்தையின் பசியாறலாகவும் உருக்கொண்டது.

இது வெறும் தொண்டு, அரசியல் அன்று என்பர் சிலர். எனினும் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர், லயன் அறையை விட்டுத் தம் வயலில் விதைப்பது அதிகார உறவையே மாற்றும் செயல். அரசு அதை அரசியலாகவே கண்டது. 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராசசுந்தரமும் கைதாயினர். யூலை 27ஆம் திகதி இராசசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

ஆனால் இது வெறும் தொண்டே என்ற அந்த மறுப்பில் ஓர் உண்மை உண்டு: உழைப்பால் பெற்ற நிலத்தைச் சட்டம் காக்கவில்லை. வன்னியிலிருந்த கென்ற், டொலர் என்னும் பண்ணைகளில் குடியேறிய மலையகத் தமிழர் 1984இல் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் அங்கிருந்த சிங்களவரை விடுதலைப் புலிகள் கொன்றனர். நிலவுரிமை தீராத இடத்தில் இருதரப்பு ஏழைகளுமே பலியாயினர்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது. எனினும் வன்னியில் மலையக வழிவந்த குடும்பங்கள் பல, தலைமுறையாகக் குடியிருக்கும் காணிக்கு இன்றும் அனுமதிப்பத்திரம் இன்றி வாழ்கின்றன. காந்தியம் துருசைத் திறந்தது. வாய்க்கால் வயலைச் சேரவில்லை. அறம், நீதி பற்றிப் பேசும் நமது மெய்யியல், ஒரு குடும்பத்தின் பெயரில் எழுதப்படும் காணிப் பத்திரத்தையும் தன் ஆய்வுப்பொருளாக ஏற்க வேண்டும்.