எட்டு ஷில்லிங் பிள்ளைகள்

சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா சின்னப் பசங்ககிட்ட முதல்ல கேட்கிற கேள்வி, "எத்தனாவது ஸ்டாண்டர்ட் படிக்கிற?" ஸ்டாண்டர்ட் என்றால் தரம், அளவுகோல். அது எப்படி வகுப்புக்குப் பேராச்சு? அதைத் தேடிப் போனப்ப நான் வந்து நின்ன இடம், 1862-ம் வருஷ இங்கிலாந்து.

அப்போ அங்கே ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளை நடத்தினது பெரும்பாலும் சர்ச்சுகள். அரசாங்கம் மானியம் கொடுத்தது. பணம் ஏறிக்கிட்டே போச்சு. ஆனா நிறைய பிள்ளைகள் ஒழுங்கா வர்றதில்லை, சரியா வாசிக்கவும் தெரியலைன்னு 1861-ல் நியூகாசில் கமிஷன் அறிக்கை கொடுத்தது. கல்வித் துறையைப் பார்த்துக்கொண்ட ராபர்ட் லோ, காசு கொடுத்தா பலன் தெரியணும், பலன் இல்லைன்னா செலவாவது குறையணும் என்றார். கேள்வி நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அவர் கொண்டுவந்த விடைதான் வினை.

கணக்கைப் பாருங்க. சராசரி வருகைப்படி தலைக்கு 4 ஷில்லிங். அதுக்கு மேல, வருஷத்தில் 200 வேளைக்கு மேல் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 8 ஷில்லிங். காலை ஒரு வேளை, மதியம் ஒரு வேளை. ஆனா அந்த 8 ஷில்லிங் முழுசா வரணும்னா, இன்ஸ்பெக்டர் முன்னாடி வாசிப்பு, எழுத்து, கணக்கு மூணிலும் பாஸ் ஆகணும். ஒண்ணில் கோட்டை விட்டா 2 ஷில்லிங் 8 பென்ஸ் போச்சு. இந்தப் பரீட்சைக்கு ஆறு படிகள் வெச்சாங்க. அந்தப் படிகளுக்குப் பேர்தான் ஸ்டாண்டர்ட். நாடு முழுக்க ஒரே அளவுகோல்.

பல பள்ளிகளில் வாத்தியார் சம்பளமே இந்த மானியத்தை நம்பி இருந்தது. அப்போ அவர் கண்ணுக்கு வகுப்பு எப்படித் தெரியும்? அறுவடைக்குப் போற பையன், உருளைக்கிழங்கு பொறுக்கப் போற பொண்ணு, தம்பியைப் பார்த்துக்க வீட்டில் நின்ன அக்கா, இவங்க எல்லாம் 200-ஐத் தொடாதவங்க. தொடலைன்னா 8 ஷில்லிங் இல்லை. யாருக்குப் பாடம் ரொம்பத் தேவையோ அவங்கமேல நேரம் செலவழிச்சா வாத்தியாருக்கு நஷ்டம். நல்லாப் படிக்கிற பிள்ளையாலும் லாபம் கிடையாது, அவன் எப்படியும் பாஸ். ஆக, தேறுவானா மாட்டானான்னு விளிம்பில் நிற்கிறவனைப் போட்டு உருட்டினாங்க. ரெஜிஸ்டரில் பொய் வருகை ஏறினதும் உண்டு.

இன்ஸ்பெக்டர் வர்ற நாள்தான் உச்சம். உடம்பு சரியில்லாத குழந்தைகளைக்கூடப் போர்த்திக் கூட்டிட்டு வந்தாங்க. வாசிப்புப் புத்தகம் முழுசும் மனப்பாடம். புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டே 'வாசிச்ச' பிள்ளைகள் இருந்தாங்க. சிரிப்பு வருது, ஆனா எங்க ஸ்கூலில் இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குப் பதில் தெரிஞ்சவங்களை முன்வரிசைக்கு மாத்தி உட்கார வெச்சது ஞாபகம் வந்து சிரிப்பு நின்னுடுச்சு. நான் பின்வரிசைக்குப் போனவன்.

கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் அப்போ பள்ளி இன்ஸ்பெக்டர். தன் மேலிடம் கொண்டுவந்த திட்டத்தையே அவர் எதிர்த்து எழுதினார். லோவுக்குக் கவலையில்லை. 1861-ல் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்த மானியம், 1865-ல் ஆறரை லட்சத்துக்கும் கீழே இறங்கிடுச்சு. அரசாங்கக் கணக்கில் இது வெற்றி.

இது கடல் தாண்டி நம்ம ஊருக்கும் வந்தது. 1860-களிலேயே சென்னை மாகாணத்தில் ரிசல்ட் பார்த்து மானியம் தர்ற முறை வந்துடுச்சு. மணலில் எழுத்து, ஓலையில் பாடம், ஊர் கொடுக்கிற நெல்லும் காசும் என்று ஓடிக்கொண்டிருந்த திண்ணைப் பள்ளி வாத்தியார், மானியம் வேணும்னா இன்ஸ்பெக்டர் முன்னாடி பிள்ளைகளை நிறுத்தணும். 1882-ல் அமைந்த ஹண்டர் கமிஷனும் தொடக்கக் கல்விக்கு இதே முறையைத்தான் பரிந்துரை செய்தது. கல்லூரிகளுக்கு வேண்டாம் என்றது.

எட்டே வருஷத்தில், 1890-ல், இங்கிலாந்து இந்த முறையைக் கைவிட ஆரம்பிச்சுடுச்சு.