அரைச் சம்பள மீகாமர்கள்

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஆசிரியரின் பிரம்பு அடிக்கடி தொட்டுக் காட்டும் இடங்கள் சில உண்டு. தென்துருவப் பகுதி அவற்றுள் ஒன்று அன்று. படத்தின் அடிச்சட்டத்தை ஒட்டி வெண்மையாகக் கிடக்கும் அந்நிலப்பரப்பை நாங்கள் விரைந்து கடந்துவிடுவோம். ஒரு நாள் முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “வெடல் கடல், பிரான்ஸ்பீல்டு நீரிணை, பிஸ்கோ தீவுகள் என்றெல்லாம் போட்டிருக்கிறதே, ஐயா, இவர்கள் எந்த நாட்டு அரசர்கள்?” என்று கேட்டான். அரசர்கள் அல்லர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறித் தப்பித்துக்கொண்டேன். அந்த ‘நாளை’ வருவதற்குச் சில மாதங்கள் பிடித்தன என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் மூவரும் பிரிட்டிஷ் கப்பற்படையில் மீகாமராகப் பணிபுரிந்தவர்கள். போர் முடிந்த பின்னர், முன்பின்னாக, வாணிகக் கப்பல் ஏறிப் பிழைத்தவர்கள். இவர்களுடைய கதையை அறிய வேண்டுமானால் முதலில் 1815-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

நெப்போலியனோடு நடந்த நீண்ட போர் அவ்வாண்டில் ஓய்ந்தது. போர் உச்சத்தில் இருந்தபோது பிரிட்டிஷ் கப்பற்படையில் 1,40,000 பேருக்கு மேல் இருந்தனர். 1817-இல் அத்தொகை ஏறத்தாழ 20,000 ஆகச் சுருங்கிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கரையில் இறக்கி விடப்பட்டனர். அவர்களுள் பலர் விரும்பிப் படையிற் சேர்ந்தவர்கள் அல்லர். துறைமுகத் தெருக்களில் ஆள் பிடிக்கும் கூட்டத்தாரால் வலிந்து இழுத்துச் செல்லப்பட்டவர்கள். பிடித்துக்கொண்டு போனபோதும் அவர்களைக் கேட்கவில்லை, அனுப்பிவிட்டபோதும் கேட்கவில்லை. வேலையற்ற மாலுமிகள் லண்டன் தெருக்களில் பசியோடும் நோயோடும் அலைந்தனர். அவர்களுக்காகப் பொதுமக்கள் நிதி திரட்ட நேர்ந்தது; கடலோடிகளுக்கான மருத்துவச் சங்கம் ஒன்று 1821-இல் அங்கே தோன்றியதற்கு இதுவே காரணம்.

அதிகாரிகளின் நிலை சற்று வேறு. அவர்களுக்கு ‘அரைச் சம்பளம்’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மீண்டும் போர் மூண்டால் திரும்ப அழைத்துக்கொள்வதற்காக, வேலை கொடாமல் சிறு தொகையை மட்டும் கொடுத்து வைப்பது அது. 1817-இல் அதிகாரிகளில் பத்துக்கு ஒன்பது பேர் இவ்வாறு கப்பல் இன்றி இருந்தனர். பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் இதை ஓய்வு என்று எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அந்தச் சம்பளம் அரை வயிற்றுக்கும் போதாது.

இங்கே ‘மாஸ்டர்’ என்னும் பதவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காலப் போர்க்கப்பலில் தலைவர் வேறு, வழி காட்டுபவர் வேறு. சண்டையிடும் ஆணை கேப்டனுடையது. கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது, அடியில் எத்தனை ஆழம், எந்தக் காற்றுக்கு எந்தப் பாய் விரிக்க வேண்டும் என்பன மாஸ்டரின் பொறுப்பு. நம் பழைய நூல்கள் மீகாமன் என்று கூறும் சொல்லே இவருக்குப் பொருந்தும். கேப்டன்கள் பெரும்பாலும் மேல்குடிப் பிள்ளைகள்; மாஸ்டர்களிற் பலரோ சிறுவயதில் நிலக்கரிக் கப்பலிலும் மீன்படகிலும் தொழில் பழகியவர்கள். எனவே போர் முடிந்தபோது, மாஸ்டருக்கு வாணிகக் கப்பல் அயல் வீடு அன்று, பிறந்த வீடு.

ஜேம்ஸ் வெடல் அப்படிப்பட்டவர். 1787-இல் பிறந்தார். சிறுவனாகவே கரையோரக் கப்பலில் தொழில் பயிலச் சேர்ந்தார். 1808-இல் தம் வாணிகக் கப்பலின் தலைவரோடு மோதியதால் அடங்காதவன் என்று குற்றம் சாட்டப்பட்டு, கைதியாகவே போர்க்கப்பலிடம் ஒப்படைக்கப்பட்டார். தண்டனையாகச் சென்ற இடத்திலே அவர் கணக்கும் வானநூலும் கற்றார்; சில ஆண்டுகளிலேயே மாஸ்டர் ஆனார். போர் முடிந்து, 1816-இல் அரைச் சம்பளத்தோடு கரையேறினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவ்வேளையில் தென்கடலில் ஒரு புதிய செய்தி பிறந்தது. 1819-இல் வில்லியம் ஸ்மித் என்னும் வாணிகக் கப்பல் தலைவர், தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றி வருகையில் காற்றால் தெற்கே தள்ளப்பட்டு, யாரும் அறியாத தீவுகளைக் கண்டார். அவையே தென் ஷெட்லாந்துத் தீவுகள். அச்செய்தியைக் கேட்ட கப்பற்படை, ஸ்மித்தின் ‘வில்லியம்ஸ்’ என்னும் கப்பலையே வாடகைக்கு அமர்த்தி, எட்வர்ட் பிரான்ஸ்பீல்டு என்னும் மாஸ்டரை அதில் அனுப்பியது. பிரான்ஸ்பீல்டு அயர்லாந்துக்காரர், மீன்படகில் இருந்தவரைப் பதினெட்டு வயதில் ஆள்பிடிக்கும் கூட்டம் பிடித்துச் சென்றது. அவர் 1820 ஜனவரி 30-ஆம் நாள் அண்டார்க்டிகாவின் பெருநிலத்தைக் கண்டார். சில நாட்களுக்கு முன்னரே பெல்லிங்ஸ்ஹௌசன் என்னும் ரஷ்யத் தளபதி வேறொரு பக்கத்தில் அதன் பனிக்கரையைக் கண்டுவிட்டார் எனினும், அவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார்.

தீவுகளில் இருந்த செல்வம் கடல்நாய்கள். சீல் எனப்படும் அவ்விலங்கின் மென்மயிர்த் தோலுக்குச் சந்தையில் நல்ல விலை. செய்தி பரவியதும் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பல்கள் விரைந்தன. 1821, 1822 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 3,20,000 தோல்கள் எடுக்கப்பட்டதாக வெடலே கணக்கிட்டிருக்கிறார். தாயைக் கொன்றதால் குட்டியும் பட்டினியால் மாண்டது. அளவறிந்து பிடித்திருந்தால் ஆண்டுதோறும் 1,00,000 தோல்கள் கிடைத்திருக்கும் என்று அவர் எழுதினார். அத்தொழிலால் பிழைத்த ஒருவரே இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லை யார் கேட்டார்? மூன்றாம் பருவத்தில் கரைகள் வெறுமையாகிவிட்டன.

வெடலின் பயணத்துக்கு இந்த வெறுமையே காரணம். லீத் துறைமுகத்துக் கப்பல் கட்டுநர் ஜேம்ஸ் ஸ்ட்ராக்கன் என்பவர் 1819-இலேயே வெடலை நம்பி ‘ஜேன்’ என்னும் கப்பலைக் கொடுத்திருந்தார். அக்காலத்தில் வாணிகக் கப்பல் தலைவருக்குச் சான்றிதழ் என்று எதுவும் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் அச்சட்டம் 1850-இல்தான் வந்தது. கப்பற்படையில் மாஸ்டராக இருந்தவர் என்பதே போதிய சான்று. (இன்று அப்படி அன்று. போர்க்கப்பலில் எத்தனை ஆண்டு பணிசெய்தவரானாலும், 1978-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை கூறும் தகுதிச் சான்றிதழைப் பெற்றே வாணிகக் கப்பலை நடத்த முடியும்.)

1822 செப்டம்பரில் வெடல் மூன்றாம் முறையாகத் தெற்கே புறப்பட்டார். ‘ஜேன்’ 160 டன் கொள்ளளவுள்ள இருபாய்மரக் கப்பல். அதில் 22 பேர். உடன் வந்த ‘போபாய்’ 65 டன், 13 பேர், அதன் தலைவர் மத்தேயு பிரிஸ்பேன். எழுபத்து நான்கு பீரங்கி கொண்ட போர்க்கப்பலில் ஐந்நூறு பேருக்கு மேல் இருப்பார்கள் என்பதை நினைத்தால், இவை எவ்வளவு சிறியவை என்பது விளங்கும். வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. போர்க்கப்பலில் ஆணையை மீறினால் கசையடி. கூலியை அரசு கொடுக்கும். கடல்நாய் வேட்டைக் கப்பலிலோ ஆட்களுக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. கிடைத்த தோலில் பங்கு. தோல் இல்லையேல் இரண்டு ஆண்டு உழைப்புக்கும் கையில் காசு இல்லை. அத்தகைய ஆட்களை, கசையைக் காட்டாமல், பனிக்கடலுக்குள் அழைத்துச் செல்ல வேண்டும்.

பழைய தீவுகளில் விலங்கு இல்லையென்றால், முன்சென்றோரின் வழிக்கு அப்பாலும் தேடுக என்பது உரிமையாளர்களின் கட்டளை. வெடல் தேடினார். முதன்முதலில் நிலத்தைக் காண்பவனுக்குப் பத்துப் பவுன் பரிசு என்று அறிவித்தார். நிலம் தென்படவே இல்லை. பனிமலைகளும் மூடுபனியும் நனைந்த துணியுமாக வாரங்கள் கழிந்தன. பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. தெற்கே செல்லச் செல்லப் பனி குறைந்தது; கடல் திறந்தது; திமிங்கலங்களும் பறவைகளும் சூழ்ந்தன. 1823 பிப்ரவரி 20-ஆம் நாள் அவர் சூரியனை அளந்து பார்த்தபோது, தென் அட்சரேகை 74 பாகை 15 கலையில் இருந்தார். 1774-இல் கேப்டன் குக் எட்டிய எல்லை 71 பாகை 10 கலை. அதைவிட இவர் 185 கடல் மைல் தெற்கே நின்றார்.

கண்ணுக்கெட்டிய தூரத்தில் மூன்று நான்கு பனிமலைகளே இருந்தன. மேலும் போகலாமே என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். நானும் நினைத்ததுண்டு. ஆனால் காற்று தெற்கிலிருந்து எதிரே வீசியது, பருவம் முடிந்துகொண்டிருந்தது, திரும்பும் வழியில் ஆயிரம் மைல் பனிக்கடல் இருந்தது. எதிர்பார்த்த தோல் கிடைக்காமல், ஆட்கள் மனம் சோர்ந்திருந்தனர். பின்னால் வேறு கப்பல் இல்லை, அரசு இல்லை, இழப்பை ஏற்க எந்தக் கருவூலமும் இல்லை. வெடல் கொடியேற்றி, ஒரு பீரங்கி வெடித்து, ஆட்களை மூன்று முறை ஆர்ப்பரிக்கச் செய்து, சாராயம் வழங்கி, கப்பலை வடக்கே திருப்பினார். வந்த இருவகைக் கப்பல்களும் பத்திரமாக ஊர் திரும்பின. என் கணிப்பில், அவர் எட்டிய எல்லையைவிட, திரும்பத் தெரிந்த அந்தக் கணமே அவருடைய மீகாமத் திறமைக்குச் சான்று.

அவர் சொன்னதைச் சிலர் நம்பவில்லை. பிரெஞ்சுத் தளபதி துமோன் துர்வீல் 1838-இல் அதே திசையிற் சென்று பனியால் தடுக்கப்பட்டார். 1843-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அரசின் வலிய கப்பல்களோடு முயன்றும் அவ்வழி திறக்கவில்லை. வெடலுக்கு வாய்த்தது அரிதான ஒரு கோடை. 1825-இல் தம் பயணத்தை நூலாக வெளியிட்டார். கப்பற்படை அவரை மீண்டும் தெற்கே அனுப்பவில்லை. 1829-இல் பழைய ‘ஜேன்’ ஓட்டை விழுந்து அசோர்ஸ் தீவுகளில் கைவிடப்பட்டது. அவர் ஊர் திரும்ப ஏறிய கப்பலும் பாறையில் மோதி உடைந்தது. கப்பலோடு சொத்தும் போயிற்று. மறு ஆண்டு கூலிக்குக் கப்பல் நடத்தும் தலைவராக ஆஸ்திரேலியா நோக்கிச் சென்றார்.

அங்கேதான் இக்கதையின் மூன்றாம் மனிதர் வருகிறார். ஜான் பிஸ்கோ 1812-இல் கப்பற்படையிற் சேர்ந்தவர். அமெரிக்கரோடு நடந்த போரில் பணிசெய்து, 1815-இல் தற்காலிக மாஸ்டர் என்ற நிலையில் விடுவிக்கப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் கிழக்கிந்திய, மேற்கிந்தியக் கடல்களில் வாணிகக் கப்பல்களில் உழைத்தார். 1830-இல் லண்டன் எண்டர்பி நிறுவனத்தார் அவருக்குத் ‘தூலா’, ‘லைவ்லி’ என்ற இரு கப்பல்களைக் கொடுத்துக் கடல்நாய் தேட அனுப்பினர். 1831 பிப்ரவரி இறுதியில், பனிக்கு அப்பால், கருமலை முகடுகள் கொண்ட பெருநிலத்தைக் கண்டார். கரையேற முடியவில்லை. புயல் இரு கப்பல்களையும் பிரித்தது. ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு அழுகி, கால் வீங்கி, ஆட்கள் ஒவ்வொருவராய்ப் படுத்தனர். கயிறு இழுக்கவும் போதிய கைகள் இன்றி ‘தூலா’ மே மாதத்தில் ஹோபார்ட் துறையை அடைந்தது. ‘லைவ்லி’ வேறொரு கரையை எட்டியபோது அதில் உயிரோடிருந்தவர் மூவர்.

ஹோபார்ட்டில் அப்போது வெடல் இருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே பனிக்கடலிலிருந்து கப்பல்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த மீகாமரும், ஆட்கள் பலரை நோய்க்கு இழந்துவந்த மீகாமரும் அங்கே சந்தித்தனர். இருவரையும் ஒரே சமாதானம் வேலையிலிருந்து விலக்கியது. ஒரே விலங்கின் தோல் தெற்கே இழுத்தது. என்ன பேசிக்கொண்டார்களோ!

பிஸ்கோ ஆட்களைத் தேற்றிக்கொண்டு மீண்டும் புறப்பட்டு, அண்டார்க்டிகாவை முழுவதும் சுற்றி 1833-இல் லண்டன் சேர்ந்தார். குக், பெல்லிங்ஸ்ஹௌசன் இருவருக்குப் பின் அவ்வாறு சுற்றியவர் அவரே. புவியியற் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. உரிமையாளர்களுக்கோ நட்டம். அவர் கண்ட நிலத்துக்கு எண்டர்பி நிலம் என்று முதலாளிகளின் பெயரே இட்டார். தம் பெயர் பின்னர் சில தீவுகளுக்கு வந்தது. நம் நாட்டின் அண்டார்க்டிக நிலையங்களான மைத்ரிக்கும் பாரதிக்கும் இடைப்பட்ட கரையில் அந்த எண்டர்பி நிலம் இருக்கிறது. படத்தில் தேடிப் பார்க்கலாம்.

வெடல் 1834-இல் லண்டனில் வறுமையில் இறந்தார். பிஸ்கோ உடல்நலம் கெட்டு, ஊர் திரும்பும் செலவுக்கு ஹோபார்ட் மக்கள் பணம் திரட்டிக் கொடுக்க, 1843-இல் வழியிலேயே கடலில் உயிர் நீத்தார். வெடல் கண்ட கடலுக்கு அவர் பெயரைச் சூட்டியது 1900-ஆம் ஆண்டில், ஒரு ஜெர்மானியப் புவியியலார்.

பிரான்ஸ்பீல்டு கப்பற்படையை விட்டு வாணிகக் கப்பல்களின் தலைவராகி, 1852-இல் பிரைட்டனில் காலமானார். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அஞ்சல் துறை அவருக்கு நினைவுத் தலை வெளியிட எண்ணியபோது, அவருடைய உருவப்படம் எங்கும் கிடைக்கவில்லை. அவர் பெயரைத் தாங்கிய ஓர் ஆராய்ச்சிக் கப்பலின் படத்தை அச்சிட்டார்கள்.