கடுக்காய்ப் பொடியும் மலைநாடும்

நுவரெலியாவின் குளிர்ந்த மேட்டில் கடுக்காய் மரம் வளர்வதில்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில், மழையும் மூடுபனியும் மாறிமாறிச் சூழும் அந்நிலம் தேயிலைக்கு உகந்தது. வறண்ட காட்டை விரும்பும் கடுக்காய்க்கு உகந்ததன்று. ஆயினும் நுவரெலியா, அட்டன் பகுதிகளின் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு அக்காய் அந்நியப் பொருளன்று. தமிழர் அதனைக் கடுக்காய் என்பர். சிங்களவர் அரளு என்பர். ஆயுர்வேத நூல்கள் அதனை அரீதகி எனப் போற்றும். தன்னிடத்தில் விளையாத ஒரு மருந்தை மக்கள் தம்முடையதாகக் கொண்டிருந்தால், அம்மருந்து அங்கு வந்து சேர்ந்த வழி ஒன்று இருத்தல் வேண்டும். மலைநாட்டுக் கடுக்காய்க்கு அத்தகைய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று அரசரும் துறவியரும் நடந்த வழி. மற்றொன்று உழைப்பாளர் நடந்த வழி.

முதல் வழி மிகப் பழையது. பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல், பிக்குகள் மருந்தாக வைத்துக்கொள்ளத்தக்க கனிகளுள் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் குறிப்பிடுகின்றது. உடைமை துறந்த துறவியும் கையில் வைத்துக்கொள்ளலாம் என விதிவிலக்குப் பெற்ற பொருள்களுள் அவை அடங்கின. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகப் பேரரசர் இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனுக்கு அனுப்பிய பரிசுகளை மகாவம்சம் வரிசைப்படுத்துகின்றது. வாள், குடை, மகுடம், கங்கை நீர் முதலியவற்றோடு கடுக்காயும் நெல்லிக்காயும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. மன்னன் மன்னனுக்கு விடுக்கத்தக்க பொருளாக அக்காய் மதிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இலங்கைத் தீவிலும் அம்மரம் இயற்கையாக உண்டு. ஊவா மாகாணத்தில் பிபிலை, நீலகலைப் பகுதிகளின் புல்வெளிக் காடுகளில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் அருகருகே வளர்கின்றன. வேனிற்காலத்தில் அப்புல்வெளிகளில் தீ பரவுவது வழக்கம். தடித்த பட்டையையுடைய அம்மரங்கள் அத்தீயையும் தாங்கி நிற்கின்றன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டவனும் மருத்துவத்தில் வல்லவன் எனப் பெயர் பெற்றவனுமாகிய புத்ததாச மன்னன் அமைத்த மூலிகைத் தோட்டமே நீலகலைக் காடு என்பது செவிவழிச் செய்தி. சிங்கள வைத்தியர் ‘அரளு, புளு, நெல்லி’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் கூறுவர். தமிழ் வைத்தியர் திரிபலை என்பதும் அதுவே. அரபு மருத்துவர் அச்சொல்லையே இத்ரிபல் என மாற்றி வழங்கினர். திபெத்தில் மருத்துவப் புத்தரின் உருவம் கையில் கடுக்காய் ஏந்தியவாறு தீட்டப்படுகின்றது. 1563ஆம் ஆண்டு கோவாவில் வெளிவந்த தம் நூலில் போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இக்கனி வகைகளை ஆராய்ந்து எழுதினார்.

இரண்டாம் வழி 19ஆம் நூற்றாண்டிற்கு உரியது. 1820களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்கெனத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரள் திரளாகக் கடல் கடந்தனர். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, மலைச்சரிவுகள் யாவும் தேயிலையாக மாறின. வந்தவர்களின் தாயகத்தில் கொல்லிமலை, கல்வராயன்மலை, சவ்வாதுமலை ஆகியவற்றின் காடுகளிலிருந்து கடுக்காய் சந்தைக்கு இறங்கியது. அதனை அறியாத தமிழ் இல்லம் அரிது. எழுத்தறியாத தாயும் கடுக்காயின் கொட்டையை நீக்காமல் இடிக்கமாட்டாள். அதன் நஞ்சு உள்ளே இருக்கின்றது என்பது வழிவழி வந்த பாடம். புகைவண்டி 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பின்னர், அரிசியோடும் உப்போடும் பலசரக்கு யாவும் மலையேறின. இவ்வாறு நீலகலையின் அரளுவும் தமிழகத்தின் கடுக்காயும் ஒரே மலைநாட்டில் சந்தித்தன. மொழி வேறாயினும் மருந்து ஒன்றாயிருந்தது.

அம்மருந்து ஆக்கப்படும் முறை எளிது. முற்றி உலர்ந்த காயை உடைத்து, கொட்டையை விலக்கி, சதைப்பற்றை இடித்து, மெல்லிய துணியில் சலித்தெடுப்பதே கடுக்காய்ப் பொடி. தான்றி, நெல்லி ஆகியவற்றின் பொடியைச் சம அளவு சேர்த்தால் திரிபலைச் சூரணம் ஆகும். ஆறு சுவைகளில் உப்பு நீங்கலாக ஐந்தும் கடுக்காயில் உண்டு என்பது ஆயுர்வேதக் கொள்கை. அவற்றுள் மேலோங்கி நிற்பது துவர்ப்பு. 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசம் இதன் பயனை நான்காக வகுக்கின்றது. மென்று தின்றால் பசித்தீயை வளர்க்கும்; பொடித்து உண்டால் மலத்தைக் கழிக்கும்; வேகவைத்தால் மலத்தைக் கட்டும்; வறுத்தால் மூன்று தோஷங்களையும் தணிக்கும். காய் ஒன்றே, பக்குவம் வேறுபட்டால் பயனும் வேறுபடும் என்பது இதன் கருத்து.

பருவத்திற்கேற்பத் துணைப்பொருளை மாற்றும் முறையும் உண்டு. கார்காலத்தில் இந்துப்பு, கூதிரில் சர்க்கரை, முன்பனியில் சுக்கு, பின்பனியில் திப்பிலி, இளவேனிலில் தேன், முதுவேனிலில் வெல்லம் எனக் கடுக்காய்ப் பொடியோடு சேர்த்து உண்ண நூல்கள் விதிக்கின்றன. சித்த மருத்துவமோ காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என நாளையே மூன்றாகப் பகுத்தது. பொடியைக் கொதிக்கவைத்து ஆறிய நீரால் வாய் கொப்பளித்தலும், புண் கழுவுதலும், பொடியால் பல் துலக்குதலும் எங்கும் காணப்படும் வழக்கங்களாகும்.

இவற்றின் காரணத்தை இக்கால வேதியியல் ஓரளவு விளக்குகின்றது. கடுக்காயில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதியாக உண்டு. அது புரதத்தோடு பிணைந்து அதனை இறுகச் செய்யும். பச்சைத் தோல் பதப்பட்டுக் கெடாத தோலாவது அதனால். ஈறு இறுகுவதும் புண்ணின் மேற்பரப்பு சுருங்கி மூடுவதும் அதனாலேயே. மருந்துக்கடைக்குச் சென்ற கடுக்காயைக் காட்டிலும், தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்காக இந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய கடுக்காய் மூட்டை மூட்டையாகப் பெருகியிருந்தது. தேயிலையின் துவர்ப்பும் இவ்வினத்தைச் சேர்ந்த பொருள்களால் வருவதே. நாள்தோறும் துவர்ப்பான இலையைப் பறித்த கைகள், மாலையில் மற்றொரு துவர்ப்பை மருந்தாக நாடின.

ஆனால் மருந்தின் பெருமையைப் பாடிய நூல், அதனைக் கொடுக்கலாகாதவர் யாவர் என்பதையும் கூறத் தவறவில்லை. நெடுவழி நடந்து களைத்தவர், வலிமை இழந்தவர், உடல் மெலிந்தவர், பட்டினியால் வாடியவர், கருவுற்ற பெண்கள், குருதி வாங்கப்பெற்றவர் ஆகியோர் கடுக்காய் உண்ணலாகாது என்கின்றது பாவப்பிரகாசம். இப்பட்டியலை மலைநாட்டின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். மன்னாரில் இறங்கி, நீரும் நிழலும் அரிய காட்டுப்பாதையில் நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தவர் யார்? அவ்வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானோர் யார்? கருவுற்ற நிலையிலும் கூடை சுமந்து மலையேறியவர் யார்? நூல் விலக்கிய ஒவ்வொரு நிலையும் தோட்டத் தொழிலாளியின் நிலையாக இருந்தது. மருந்து கைக்கு எட்டியது. அம்மருந்தைத் தாங்கும் உடலையே அவ்வாழ்க்கை அவரிடமிருந்து பறித்திருந்தது.

குருதி இழப்பைப் பற்றிய விதியும் வேறொரு வகையில் இங்குப் பொருந்திற்று. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் கொக்கிப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். சோம்பல் எனத் துரைமாரும் கங்காணிமாரும் பழித்தது பல வேளைகளில் அப்புழு விளைத்த சோகையே. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. 1912இல் மேலும் இரு சட்டங்கள் வந்தன. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. புழுவைக் கொல்லும் மருந்து கொடுத்ததோடு, மலசலகூடம் கட்டவேண்டும் என்றும் அவ்வியக்கம் வற்புறுத்தியது. மருந்து புழுவைப் போக்கினாலும், மண் தூய்மையடையாவிடில் புழு மீண்டும் வரும் என்பதை அவ்வனுபவம் தெளிவுறுத்திற்று.

சோகைக்கு ஆயுர்வேதம் வகுத்த மருந்துகளுள் சரக சங்கிதை கூறும் நவாயசச் சூரணம் புகழ்பெற்றது. திரிபலையின் மூன்றும், சுக்கு, மிளகு, திப்பிலியும், கோரைக்கிழங்கு, வாய்விடங்கம், சித்திரமூலமும் ஆகிய ஒன்பதோடு, அவற்றின் மொத்த எடைக்குச் சமமாக இரும்புப் பற்பம் சேர்ப்பது அதன் முறை. வெளுத்த உடலுக்கு இரும்பு வேண்டும் எனவும், வயிற்றுப்புழுவிற்கு வாய்விடங்கம் வேண்டும் எனவும் பண்டையோர் ஒருங்கே எண்ணியது வியப்பிற்குரியது. எனினும், டானின் இரும்போடு பிணைந்து அதனை உடல் ஏற்காதவாறு தடுக்கும் என்பது இக்கால அறிவு. உணவோடு சேர்த்துத் தேநீர் பருகினாலும் உணவிலுள்ள இரும்புச்சத்து குறைவாகவே உடலில் சேரும். ஆகவே சோகையுற்றவர் கடுக்காய்ப் பொடியையே நம்பியிருத்தல் தகாது. மருத்துவரை நாடிக் காரணம் அறிந்து, புழு நீக்கமும் இரும்புச்சத்தும் பெறுதலே முறை. நூல் விலக்கியபடி, கருவுற்ற பெண்கள் இதனைத் தாமே உண்ணாதிருத்தல் நன்று.

இலங்கையில் சுதேச மருத்துவத்திற்குத் தனி நிலை பின்னர் வாய்த்தது. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டது. 1961இல் ஆயுர்வேதச் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஏட்டிலும் வைத்தியர் வீட்டிலும் இருந்த அறிவு ஆய்வுக்கூடத்தின் சோதனைக்கு உட்படலாயிற்று. அச்சோதனை கடுக்காயின் மதிப்பைக் குறைப்பதன்று. எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்னும் பழைய வினாக்களையே அது புதிய கருவிகளோடு கேட்கின்றது.

அசோகரின் பரிசாக வந்த காயும் தோட்டத் தொழிலாளியின் லயத்தில் இடிபட்ட காயும் ஒன்றே. ஆயினும் அரண்மனையில் அதனை உண்டவன் வயிறார உண்டபின் உண்டான். லயத்தில் அதனை உண்டவள் பல நாள் அரைவயிற்றோடு உண்டாள். இவ்வேறுபாட்டை முதலில் உணர்ந்து சொன்னது மருத்துவ நூலே. மெலிந்தவனுக்கும் பசித்தவனுக்கும் இதனைக் கொடாதே என்று அது விதித்தபோது, அவர்களுக்கு முதலில் வேண்டுவது சோறும் ஓய்வும் என்பதையும் சொல்லாமற் சொல்லிற்று. மலைநாட்டின் வரலாற்றில் கடுக்காய்ப் பொடியைக் காட்டிலும் அரிதாகக் கிடைத்த மருந்துகள் அவ்விரண்டுமே ஆகும்.