கிரயத்துக்குப் பின்: ஸ்காட்லாந்தின் சமூக நில அறக்கட்டளைகளும் இயற்கைப் பாதுகாப்பும்

ஓர் ஊரார் தாம் வாழும் நிலத்தைப் பெருநிலக்கிழாரிடமிருந்து விலைக்கு வாங்க முயலும்போது ஊடகங்கள் கவனிக்கின்றன, நன்கொடையும் குவிகிறது. பத்திரம் பதிவானதும் அந்த வரத்து வற்றத் தொடங்குகிறது. ஆனால் நிலத்தைப் பேணும் வேலை அன்றுதான் ஆரம்பமாகிறது. இப்படி நிலத்தை வாங்கி ஊராரின் பொதுவுடைமையாகப் பேணும் சமூக நில அறக்கட்டளை இயற்கையைக் காக்கத் தகுந்த அமைப்பு என்பதையும், அந்தக் காப்பு நிலைக்கக் கிரயப் பணம் மட்டும் போதாது, ஆண்டுதோறும் தொடரும் ஆதரவு வேண்டும் என்பதையும் ஸ்காட்லாந்தின் முப்பதாண்டு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1993இல் அசின்ட் பகுதியின் சிறுகுடியானவர்கள் தம் நிலத்தைத் தாமே வாங்கி வழிகாட்டினர். 1997இல் எக் தீவு, சுமார் 15 லட்சம் பவுண்டு விலைக்கு, தீவுவாசிகள், ஹைலண்ட் கவுன்சில், ஸ்காட்டிய வனவுயிர் அறக்கட்டளை ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளையின் கைக்கு வந்தது. முன்பு நிலைத்த குத்தகை உரிமை இல்லாததால் குடியிருந்த வீட்டைச் செப்பனிடவே மக்கள் தயங்கினர். உரிமை உறுதியானதும் வீடுகள் எழுந்தன. ஏறத்தாழ 65ஆக இருந்த மக்கள்தொகை நூறைத் தாண்டியது. 2008இல் நீர், காற்று, சூரிய ஆற்றலை இணைத்த மின்கட்டமைப்பு இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுப்பதில்லை என்ற வரம்பை ஊராரே ஏற்றுக்கொண்டனர். வெளியிலிருந்து திணித்திருந்தால் பகையை வளர்த்திருக்கக்கூடிய கட்டுப்பாடு, தமக்குச் சொந்தமான கட்டமைப்பைக் காக்கும் பொது ஒழுங்காக நிலைத்தது. இயற்கைப் பாதுகாப்புக்கு அடிப்படையும் இத்தகைய ஒழுங்குதான்.

நெசவாலைகள் நலிந்த லாங்ஹோம் நகரின் முயற்சி இதைவிடப் பெரியது. க்ரவுஸ் பறவை வேட்டைக்காக நெடுங்காலம் பராமரிக்கப்பட்ட மேட்டுநிலத்தில் 5,200 ஏக்கரை 2021இல் 38 லட்சம் பவுண்டுக்கும், மேலும் 5,300 ஏக்கரை 2022இல் 22 லட்சம் பவுண்டுக்கும் அந்நகரின் சமூக அமைப்பு வாங்கியது. பூனைப்பருந்துகள் கூடுகட்டும் அந்நிலம் இன்று டாராஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம். சிதைந்த பீட் சதுப்பை மீண்டும் ஈரமாக்குவதும், பள்ளத்தாக்குகளில் நாட்டு மரங்களை மீட்பதும் அதன் பணிகள். இவற்றின் பலன் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். ஓராண்டு, ஈராண்டு மானியங்களை நம்பி எந்த அமைப்பும் இத்தகைய வேலையைத் திட்டமிட முடியாது.

சமூக உடைமைக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழுகின்றன. பொதுநிலம் பொறுப்பின்றிச் சுரண்டப்படும் என்பது முதல் மறுப்பு. சூழலியலாளர் காரெட் ஹார்டினின் 1968ஆம் ஆண்டுக் கட்டுரை அதன் வேர். ஆனால் அவர் வருணித்தது கேட்பாரற்ற மேய்ச்சல் நிலத்தை. பயனாளிகளே விதி வகுத்து, கண்காணித்து நடத்தும் பொதுவளங்கள் தலைமுறைகளாக நீடிப்பதை அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் காட்டினார். எக் தீவின் அறக்கட்டளையில் வனவுயிர் அமைப்புக்கும் இடம் தரப்பட்டதே உடனடி வருமானத்தின் ஈர்ப்புக்கு உள்ளிருந்தே ஒரு தடை. இரண்டாவது மறுப்பு வலுவானது: 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படியும் சந்தை விலையே தரப்படுவதால், பொதுப்பணம் பழைய உரிமையாளருக்குப் போகிறது. இக்குறையை மறுக்க இயலாது. ஆயினும் அச்சட்டத்தின் வழி வாங்கும் அமைப்பு கலைந்தாலும் சொத்து தனியார் இலாபமாக மாறாமல் பொதுநோக்கத்துக்கே செல்ல வேண்டும். ஆகவே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப விலை கொடுக்கும் நிலை ஒழிகிறது. தன்னார்வலர்கள் சோர்ந்துவிடுவர் என்பது மூன்றாவது மறுப்பு. அது உண்மை, ஆனால் அது அறக்கட்டளைகளுக்கு எதிரான வாதமன்று, அவற்றை ஆதரிக்கும் முறைக்கு எதிரான வாதம்.

எனவே அரசு நிதியமும் கொடையாளரும் கிரயத் தொகையோடு நிலக் காவலர் ஊதியம், உயிரினக் கணக்கெடுப்பு, வேலிப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பத்தாண்டு நிதியையும் சேர்த்தே உறுதியளிக்க வேண்டும். அதைச் செலவிடும் அதிகாரம் ஊராரிடமே இருக்க வேண்டும். உரிமையை மட்டும் தந்து வசதியை மறுத்தால், தோல்வியின் பழி மக்கள்மேல் விழும். இரண்டையும் தந்தால், மண்ணைக் காப்பதும் அதில் வாழ்வதும் ஒரே வேலையாகும்.