காவுதடி சுமந்த சமையல்: பர்மியத் தெருவோர உணவின் வரலாறு

பர்மாவின் தெருவோர உணவு, வயலிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களின் பசியை முன்னிட்டுத் தோன்றி வளர்ந்த மரபாகும். 1989 முதல் மியான்மர் என்று வழங்கும் அந்நாட்டில், யாங்கோனின் பெருவீதிகளோடு நின்றுவிடும் பயணி இம்மரபின் ஒரு பகுதியையே அறிகிறார். ஐராவதிக் கழிமுகத்தின் படகுத்துறைகளிலும், மோன் மாநிலத்துச் சிற்றூர்களிலும், ஷான் மேட்டுநிலத்துச் சந்தைகளிலும் விற்கப்படும் உணவுகளை அடுத்தடுத்து நோக்கும்போதுதான், எந்த மக்கள் எக்காலத்தில் எவ்வழியாக அந்நாட்டிற்கு வந்தனர், எவ்வாறு ஒருவரோடொருவர் கலந்தனர் என்னும் வரலாறு புலப்படுகிறது.

இம்மரபின் அடித்தளம் நெல்லும் ஆற்று மீனும் ஆகும். பர்மியர் காலையுணவாகக் கொள்ளும் மொகிங்கா, கெளுத்தி மீனை எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு ஆகியவற்றோடு வேகவைத்து, இளம் வாழைத்தண்டைச் சேர்த்து, வறுத்த அரிசி மாவாலோ கடலை மாவாலோ கெட்டியாக்கிய குழம்பை, அரிசி நூலிழைகளின் மேல் ஊற்றி உண்ணும் உணவாகும். காவுதடியின் ஒரு முனையில் அடுப்பும் குழம்புப் பானையும், மறு முனையில் கிண்ணங்களும் நூலிழைகளும் தொங்க, விற்பவர் தெருத்தெருவாகச் சென்றதால், கடை வைக்க முதல் இல்லாதவர்க்கும் இத்தொழில் கைகூடிற்று. கழிமுகத்து ஊர்களில் மீன் மணம் மிகுந்த குழம்பாக இருக்கும் இவ்வகை உணவு, மேற்குக் கரையிலுள்ள அரக்கானில் மிளகுக் காரம் ஏறிய தெளிந்த சாறாகவும், மாண்டலேயில் கோழிக்கறியோடு பிசைந்த தடித்த நூலிழையாகவும் உருமாறுகிறது.

1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றியதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இவ்வுணவு உலகை அடியோடு மாற்றின. கழிமுகத்துச் சதுப்புக் காடுகள் அழிக்கப்பட்டு நெல்வயல்களாயின. அவ்வயல்களுக்கும், இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூனின் அரிசி ஆலைகளுக்கும் துறைமுகத்திற்கும் தேவைப்பட்ட ஆட்களை, மேஸ்திரிகள் எனப்பட்ட ஆள்பிடிக்கும் இடைத்தரகர்கள் தமிழ், தெலுங்கு, ஒரியப் பகுதிகளிலிருந்து கப்பலேற்றினர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூனில் வாழ்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியராவர். அவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, நெரிசல் மிகுந்த கூலி விடுதிகளில் தங்கிய ஆண்களாதலின், மலிவான தெருவோர உணவுக்குப் பெருந்தேவை எழுந்தது. தோசை அங்கே ‘தோஷே’ என்றும், பரோட்டா ‘பலாட்டா’ என்றும் பெயர் பெற்று, பர்மியர் கைகளிலும் உருவாகத் தொடங்கின. குழிப்பணியாரக் கல்லை ஒத்த வார்ப்பில் அரிசி மாவை ஊற்றி, வெந்த இரு அரைக்கோளங்களை ஒன்றாக இணைத்து விற்கும் ‘மொன் லின் மயா’, அதாவது கணவன் மனைவிப் பலகாரம், தென்னிந்தியப் பயணியருக்கு உடனே அறிமுகமானதாகத் தோன்றும்.

வந்தேறிய சுவையும் உள்நாட்டு முறையும் இணைந்த பாங்கைச் ‘சமுசா தோ’ தெளிவாகக் காட்டுகிறது. தோ என்பது பல பொருள்களைக் கையால் பிசைந்து கலக்கும் பர்மிய முறை. சமோசாவைத் துண்டுகளாக நறுக்கி, முட்டைக்கோசு, வெங்காயம், புதினா ஆகியவற்றோடு அம்முறையில் கலந்து, பருப்புச் சாறு ஊற்றித் தருவர். இத்தகைய கலப்பில் கொண்டைக்கடலைக்குத் தனியிடம் உண்டு. மழை ஓய்ந்தபின் மண்ணில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு நடு பர்மாவின் வறண்ட நிலத்தில் விளையும் அக்கடலை, மாவாகி மொகிங்காவைக் கெட்டியாக்குகிறது. வறுத்த பொடியாகித் தோ வகைகளின் மேல் தூவப்படுகிறது. தேங்காய்ப் பாலும் கோழிக்கறியும் சேர்ந்த ‘ஒன்னோ கௌசுவே’ என்னும் நூலிழைக் குழம்பிற்கும் செறிவு தருகிறது. ஷான் மக்கள் அதே மாவைக் காய்ச்சி, சோயா அவரையின்றியே ‘தோஹு’ என்னும் மஞ்சள் நிறக் கட்டியாக உறைய வைக்கின்றனர்.

ஷான் மேட்டுநிலத்தில் இன்லே ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில், ஐந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு ஊர் மாறிக் கூடும் சந்தைகளே தெருவோர உணவின் களங்களாகும். பாவோ மக்கள் மலையிலிருந்தும், இந்தா மக்கள் ஏரியிலிருந்தும் விளைபொருள்களோடு அங்கே வந்து, விற்றுமுடித்து உண்டு திரும்புவர். வடக்கே நம்சான் பகுதியில் தஆங் மக்கள் பயிரிடும் தேயிலை, புளிக்கவைத்த ‘லபெ’யாகச் சமவெளி முழுவதும் பரவியது. முடியாட்சிக் காலத்தில் வழக்காடியவர்கள் தீர்ப்பை ஏற்றதற்கு அடையாளமாக இதனை உண்ட வழக்கமும் இருந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இந்தியர் பரப்பிய பால் தேநீர் இதனின்று வேறானது. அதனை விற்ற தேநீர்க் கடைகள் பின்னர் நாட்டின் பொது மன்றங்களாகவே விளங்கின. 1988 மார்ச்சில் ரங்கூன் தேநீர்க் கடையொன்றில் மாணவர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் மூண்ட தகராறே, அவ்வாண்டின் நாடு தழுவிய எழுச்சிக்கு முதற்பொறியாயிற்று.

இந்தியாவிலிருந்து உணவைக் கொண்டுவந்த மக்களில் பெரும்பாலோர் அந்நாட்டில் நிலைக்க இயலவில்லை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது லட்சக்கணக்கான இந்தியர் நடந்தே நாடு கடந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு கடைகளையும் வங்கிகளையும் நாட்டுடைமையாக்கியதால், எஞ்சியிருந்தோரிலும் பெருந்தொகையினர் கையிலிருந்த பொருளை இழந்து கப்பலேறினர். தாயகம் திரும்பியோருள் ஒரு பகுதியினர் மீண்டும் பர்மா செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே நகரில் தங்கிவிட்டனர். சென்னையில் குடியமர்ந்தவர்களோ துறைமுகத்தையும் கடற்கரை இரயில் நிலையத்தையும் ஒட்டிய தெருக்களில் தள்ளுவண்டிகளை நிறுத்தினர். ‘அத்தோ’ என்று அவர்கள் விற்கும் நூலிழைக் கலவையில் முட்டைக்கோசு, பூண்டெண்ணெய், புளி, மிளகாய்த்தூள், நொறுக்கிய ‘பேஜோ’ என்னும் மொறுமொறுப்பான பொரித்த பலகாரம் ஆகியவை கையால் பிசையப்படுகின்றன. உடன் வரும் வாழைத்தண்டுச் சாறு, மீன் நீங்கிய மொகிங்காவின் உருவமே ஆகும்.

பர்மிய அரிசி எவ்வளவு ஏற்றுமதியாயிற்று என்பதைத் துறைமுகப் பதிவேடுகள் கூறுகின்றன. அவ்வரிசியை விளைவித்தவரும் அரைத்தவரும் மூட்டையாய்ச் சுமந்தவரும் எதை உண்டு வாழ்ந்தனர் என்பதை அவை கூறுவதில்லை. அவ்விடைவெளியை நிரப்பும் சான்றுகள் இவ்வுணவுகளே. மோல்மேனின் சந்தையிலும் பெகுவின் தெருமுனையிலும் தோசை வார்ப்பவரின் கைமுறை, ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, எதை விட்டுக்கொடுத்தது, எதை விடாது காத்தது என்பதற்கான ஆவணமாகும். ஆதலின் பர்மாவின் உழைக்கும் மக்களது வரலாற்றை எழுத முற்படுவோர், ஆவணக் காப்பகங்களுக்குத் தரும் அதே மதிப்பைச் சிற்றூர் உணவுக் கடைகளுக்கும் தந்து, செய்முறைகளை அவற்றை அறிந்த முதியோரிடமிருந்து கேட்டுப் பதிவுசெய்தல் இன்றியமையாத கடமையாகும்.